ஏழு பாயிண்ட் மரணம்

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று மனிதர்களை இரண்டே பிரிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பிரித்தவர்களுக்கு அனுபவம் போதாது. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. இந்த இனத்துக்கு எழுத்தின் வயிறு தெரியும், வால் தெரியும், தோள்பட்டை தெரியும், அதை முதன்முதலில் வரைந்தவர் எந்த ஊர்க்காரர் என்பதுகூடத் தெரியும். அந்த எழுத்து என்ன சொல்கிறது என்பது மட்டும் தெரியாது. இவர்கள் படிப்பதில்லை. பார்க்கிறார்கள். கிராஃபிக் டிசைன் மாணவர் என்று ஊரில் இவர்களுக்குப் பெயர்.

அடையாளம் காண்பது சுலபம். பசிக்கிறது என்று சொல்லி உங்களைச் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துப் போவார்கள். மெனு அட்டை வந்ததும் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, தலையை இடப்பக்கம் சாய்த்து, பிறகு வலப்பக்கம் சாய்த்து, "ஐயோ, இந்த ஃபாண்ட்லயா சூப்புக்குப் பேர் எழுதுவாங்க?" என்று பெருமூச்சு விட்டு, பரிமாறுகிறவர் கால் மாற்றி மாற்றி நின்று அலுத்துப்போன பிறகு, அட்டையிலேயே ஒழுங்காக அச்சான வரி எதுவோ அதில் விரலை வைப்பார்கள். அது குடல் சூப்பாக இருக்கும். குடல் அவர்களுக்கு ஆகாது. யார் சாப்பிடுவது? நீங்கள்தான்.

'தண்டவாளத்தைக் கடக்காதீர்கள்' என்ற பலகையைப் படம் பிடிக்கத் தண்டவாளத்தின் நடுவில் நிற்கிறவர்கள் இவர்கள். இனி உன்னோடு ஒத்துவராது என்று ஒரு பெண் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து, "என்ன பேனா இது, மை அழகா இறங்கியிருக்கே" என்று கேட்டவனை எனக்கே தெரியும். சிவப்பு நிறத்தைக் கண்டால் "சத்தம் போடுது" என்பார்கள். நாலு வரி சேர்ந்தாற்போல் இருந்தால் "மூச்சு முட்டுது" என்பார்கள். ஒன்றுமே எழுதாத தாளைப் பார்த்தால்தான் "ஆகா!" உடுப்பு எப்போதும் கறுப்பு. வீட்டில் ஏதாவது துக்கமா என்று கேட்டுவிடாதீர்கள், அரை மணி நேரம் விளக்கம் வரும்.

இவர்கள் வாழ்க்கையில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, பாட வேலை. ஆசிரியை கொடுப்பது, நாள் குறித்தது, மருந்துச் சீட்டு, பேருந்து அட்டவணை, வரி கட்டும் படிவம் என்று உப்புச் சப்பில்லாத சமாசாரங்கள். மற்றது சொந்தப் படைப்பு. அதற்கு நாளும் இல்லை, ஆசிரியையும் இல்லை. பாட வேலைக்கு உட்கார்ந்தால் சொந்தப் படைப்பு உள்ளே இருந்து கூப்பிடும். சொந்தப் படைப்புக்கு உட்கார்ந்தால் பாட வேலை கிடக்கிறதே என்று நாள்காட்டியைப் புரட்டுவார்கள். ஆகவே இரண்டுக்கும் நடுவில் காப்பி குடிக்கப் போவார்கள். போன இடத்தில், பாட வேலை எப்படித் தன் சொந்தப் படைப்பை நசுக்குகிறது என்பதைப் பற்றிச் சிந்தனைக் குறிப்பு எழுதுவார்கள். கல்லூரியே அப்படி ஒரு குறிப்பைக் கேட்கிறது என்பது அவர்கள் அதிர்ஷ்டம். ஒவ்வொரு வேலையோடும் 'நான் என்ன யோசித்தேன், என்ன கற்றேன்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை ஒரு பக்கம் இருக்கும். சிந்தனை பன்னிரண்டு பக்கம்.

ஆராய்ச்சிக்காக ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். பெயர் கலோயான். மூன்றாம் ஆண்டு. எங்கள் பிளோவ்டிவ் நகரத்தில், த்ராகியா பேட்டையில், எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் ஐந்தாவது மாடியில், தன் அத்தை வெனேட்டா ஜெல்யஸ்கோவாவின் வீட்டில் தங்கிப் படிக்கிறான். வெனேட்டா அத்தை பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு கூடம் நிறையப் பிள்ளைகள் கத்தும்போது அதற்கு மேலே "தட்டைக் கழுவி வைங்கடா!" என்று கத்திக் கத்தி அவள் குரல் அந்த அளவிலேயே நின்றுவிட்டது. காதிலும் ஒன்று மந்தம். கட்டடத்தில் யாராவது செத்தால் முதலில் போய் நிற்பவள் அவள்தான். சாவு வீட்டுக்குக் கோதுமை அவித்துச் சர்க்கரை தூவிக் கொண்டுபோகிறவளும் அவள்தான். வாழ்க்கையில் அவளுக்கு இருந்த ஒரே ஆசை, தன் சாவுக்கும் ஜனங்கள் அப்படி வந்து நிற்க வேண்டும் என்பது. நியாயமான ஆசை. எத்தனை பேருக்கு அவித்திருக்கிறாள்!

அந்தப் பருவத்தில் ஆசிரியை போரியானா கொடுத்த பாட வேலை பேருந்து அட்டவணை. நிறுத்தத்தில் நிற்கிற கிழவருக்கு அடுத்த வண்டி எப்போது என்று கண்ணாடி இல்லாமலே தெரிய வேண்டும், அவ்வளவுதான். "இதுக்கா நான் கலை படிக்க வந்தேன்?" என்று கலோயான் தன் வகுப்புத் தோழி ரலிட்சாவிடம் கேட்டான்.

"பஸ் வந்தா ஏறணும்ல? ஏறுறதுக்குத்தான்," என்றாள் அவள், தலையைத் தூக்காமல், எண்களைப் பெரிதாக்கிக்கொண்டே.

"நீ ஒரு கைவினைஞர், ரலிட்சா."

"நன்றி. நீ என்னது?"

அதற்குள் அவனுக்குச் சொந்தப் படைப்பு பிறந்துவிட்டது.

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் அஞ்சலித் தாள் ஒட்டுவார்கள். கட்டடத்து வாசல் கதவில், விளக்குக் கம்பத்தில், பேருந்து நிறுத்தத்தில், தெருமுனை மரத்தில். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று, பிறகு வருஷா வருஷம். மருத்துவமனைப் பக்கத்து அச்சுக்கடையில் பத்து நிமிடத்தில் போட்டுத் தருவார்கள். கறுப்புக் கரை, தடித்த எழுத்தில் பெயர், 'ஆறாத் துயருடன் அறிவிக்கிறோம்', கீழே நாலு வரிப் பாட்டு, நடுவில் புகைப்படம். அந்தப் புகைப்படம் ஏதாவது கல்யாணத்தில் எடுத்ததாக இருக்கும். வெட்டி எடுத்தும் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவருடைய தோள் மிச்சம் இருக்கும். அந்தத் தோளோடேயே எங்கள் மக்கள் பரலோகம் போகிறார்கள். யாரும் குறை சொன்னதில்லை. கலோயானுக்குப் பொறுக்கவில்லை.

"சாவுக்கு இவ்வளவு சத்தம் எதுக்கு?" என்று தன் சிந்தனைக் குறிப்பைத் தொடங்கினான். சாவு என்பது வெற்றிடம். தாளும் வெற்றிடமாக இருக்க வேண்டும். கரை வேண்டாம், பாட்டு வேண்டாம், துயரம் வேண்டாம், பார்க்கிறவனே துயரத்தைக் கொண்டுவருவான். இப்படிப் பக்கம் பக்கமாக எழுதி முடித்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. செத்தவர் வேண்டும்.

யாரைச் சாகடிப்பது? பல பெயர்களை எழுதிப் பார்த்தான். ஒன்றும் அழகாக உட்காரவில்லை. கடைசியில் அத்தையின் பெயர் வந்து நின்றது. ஜெல்யஸ்கோவா. எங்கள் அரிச்சுவடியில் அந்த 'ஜெ'வுக்கு உள்ள எழுத்து ஆறு காலும் விரித்து நிற்கும் வண்டு மாதிரி இருக்கும். இந்த இனத்தவர்களுக்கு அதைக் கண்டால் பைத்தியம். கொள்ளிவாய்ப் பிசாசு ஆளைக் கொல்லும் என்பார்கள், வியாதி கொல்லும், விஷம் கொல்லும். ஒரு நல்ல மனுஷியை ஓர் எழுத்தின் அழகுக்காகக் கொன்றவன் இவன்தான்.

தாள் இப்படி அமைந்தது. முழுவதும் வெள்ளை. வலது கீழ் மூலையில், வெளிறிய சாம்பல் நிறத்தில், ஏழு பாயிண்ட் அளவில், அதாவது மாத்திரை அட்டையின் பின்புறத்தில் இருக்குமே அந்த அளவில், 'வெனேட்டா ஜெல்யஸ்கோவா. இல்லை.' அவ்வளவுதான். மேலே ஓரமாகப் புகைப்படம். முகம் முழுவதும் இருந்தால் அது கதை சொல்லிவிடும் என்பதால் வெட்டி வெட்டி, ஒரு காதும், காற்றில் பறக்கும் கொஞ்சம் கூந்தலும் மட்டும் வைத்திருந்தான்.

அத்தை அப்போது வெலிங்கிராட் வெந்நீர் ஊற்றில் மூட்டுவலிக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். கலோயான் தாளைக் கட்டடத்து வாசல் கதவின் கண்ணாடியில், மற்ற அஞ்சலித் தாள்களுக்கு நடுவில், நல்ல பசையாகப் பார்த்து ஒட்டினான். மாலை வெயில் கண்ணாடியில் சாய்வாக விழும்போது ஒரு படம் எடுத்துக்கொண்டு கிழித்துவிடுவதாகத் திட்டம். அன்றைக்கு மேகம். மறுநாளும் மேகம். அதற்குள் அவன் மேகத்தைப் பற்றிச் சிந்தனைக் குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டான். தாள் கதவிலேயே இருந்தது. கட்டடமே அதைக் கடந்து போய்வந்தது.

ஒரு வாரம் கழித்து அத்தை ஊரிலிருந்து வந்து இறங்கினாள். ஒரு கையில் தேன் சீசா, மறுகையில் பெட்டி. வாசலில் நின்று சாவியைத் தேடும்போது, வழக்கம்போலக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புதிதாக யார் போயிருக்கிறார்கள் என்று பார்த்தாள். முதலில் அந்தக் காது கண்ணில் பட்டது. காதில் கிடந்த தோடு கல்யாணத்துக்கு அவள் அம்மா போட்டது. மூக்கு கதவுக் கண்ணாடியில் இடிக்க இடிக்கக் குனிந்து, மூலையில் இருந்ததையும் படித்தாள்.

மேலே வந்து கதவைத் திறந்தவள் கத்தவில்லை. அதுதான் கலோயானைப் பயமுறுத்தியது. நாற்காலியில் உட்கார்ந்து, தேன் சீசாவை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கீழ ஒட்டியிருக்கிறது என்னடா? என் காது மாதிரி இருக்கு?"

"அது... அது ஒரு படைப்பு அத்தை. நிஜம் இல்ல. மாதிரிக்கு உங்க பேரைப் போட்டேன். எழுத்து அழகா இருந்துச்சு."

"எப்ப ஒட்டின?"

"நீங்க போன மறுநாள்."

அத்தை விரல் விட்டு எண்ணினாள். "அப்ப ஒரு வாரமா நான் செத்துக் கிடக்கேன்."

"அத்தை, மன்னிச்சிடுங்க, நான் கிழிச்சிடறேன்..."

"சாகடிச்சதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலடா. எல்லாரும் சாக வேண்டியதுதான். யாரு வந்தா?"

"வந்தாங்களா? எங்க?"

"வீட்டுக்கு! யாராவது வந்தாங்களா? கதவைத் தட்டினாங்களா? ஒரு பூ? ஒரு துண்டு ரொட்டி? 'அடப் பாவமே வெனேட்டா'ன்னு ஒரு வார்த்தை?"

"இல்ல," என்றான் கலோயான். அத்தை உடைந்துபோனாள். அதுவரை நான் கேலியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த இடத்தில் எனக்கும் கேலி வரவில்லை. அவள் மெதுவாக அழுதாள். மெதுவாகப் பேசியே பழக்கமில்லாத மனுஷி.

"பென்கா செத்தப்ப கோதுமை அவிச்சது யாரு? நான். ஸ்தாமென் பெண்டாட்டி போனப்ப அவனுக்கு நாற்பது நாளும் சூப்பு வச்சுக் குடுத்தது யாரு? நான். இப்ப நான் படியேறி வரேன், எதிர்ல ஸ்தாமென் வரான், தொப்பியத் தூக்கி 'வாங்க வெனேட்டாக்கா, வெந்நீரு எப்படி இருந்துச்சு'ன்னு கேக்கிறான்! கதவுல படிச்சிட்டு! செத்தவகிட்ட! ஏன் செத்தேன்னுகூடக் கேக்கல!"

"அவங்ககிட்டயே கேட்டுப் பாருங்களேன் அத்தை."

"கேட்டு வாங்கினா அது துக்கமாடா?"

அன்றிலிருந்து அவள் வாசல் பெஞ்சில் உட்காரவில்லை. லிஃப்டில் யாராவது இருந்தால் படியில் போனாள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு புர்காஸில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்னாள். "அங்கயாவது கடல் இருக்கு. மனுஷங்க எதுக்கு?" சாமான்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். அத்தை போனால் கலோயானின் அறை போகும். அறையோடு, சுட்ட மிளகாய்க்குள் பாலாடைக்கட்டி அடைத்து அவள் பொரித்துத் தருவதும் போகும். அவனுக்கு உண்மையாகவே வருத்தம்தான். வருத்தத்தின் எத்தனை பங்கு அத்தைக்கு, எத்தனை பங்கு மிளகாய்க்கு என்று நான் பிரித்துச் சொல்லப் போவதில்லை.

தாளைக் கிழிக்கப் போன அன்று அவன் ஸ்தாமெனைப் பிடித்து ஜாடையாகக் கேட்டான். ஸ்தாமென்தான் கட்டடத்துக்குப் பொறுப்பாளர். கதவில் ஒட்டுவது எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் போகும்.

"இங்க ஒரு தாள் இருந்துச்சே மாமா, பாத்தீங்களா?"

"அந்த வெள்ளைத் தாளா? மேல ஏதோ கறை மாதிரி இருந்துச்சு, மழையில மை கரைஞ்சு போச்சுன்னு நினைச்சேன். கண்ணாடியில விரிசலுக்கு யாரோ ஒட்டியிருக்காங்கன்னு மூணாம் மாடி டிங்கா சொன்னா. இரண்டாம் மாடியில பல் டாக்டர் விளம்பரம்னு சொல்லிக்கிட்டாங்க. ஏன், நீயா ஒட்டின? எதுக்குப்பா வெறும் தாளை ஒட்டுற?"

ஆக, யாரும் படிக்கவில்லை. கல்நெஞ்சக்காரர்கள் யாரும் இல்லை. கட்டடத்தில் ஒருவருக்குக்கூட வெனேட்டா செத்தது தெரியாது. இதை அப்படியே ஐந்து மாடி ஏறிப் போய், 'அத்தை, எழுத்து பொடிசு, யாராலயும் படிக்க முடியல' என்று சொன்னால் முடிந்தது. ஒரு வாக்கியம். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள். நானும் சொல்லியிருப்பேன். இந்த இனத்தால் முடியாது. நாக்கு எழாது. 'நான் சமைத்ததை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை' என்று எந்தச் சமையல்காரராவது தானாக முன்வந்து சொன்னதுண்டா? படைப்பாளி அதைவிட மோசம்.

அதனால் வேறு வழியில் ஆறுதல் சொல்லப் பார்த்தான்.

"அத்தை, அவங்களுக்கு உள்ளுக்குள்ள துக்கம்தான். அந்தத் தாள்ல இருக்கிற வெற்றிடம் மனுஷனை மௌனமாக்கிடும். வார்த்தையே வராது."

"அப்ப பாத்திருக்காங்க!"

"அது... ஒரு விதத்துல..."

"பாத்துட்டு வாயை மூடிக்கிட்டுப் போயிருக்காங்க! நீயே சொல்ற!" என்று அவள் இன்னொரு பெட்டியை இழுத்தாள்.

இதற்கிடையில் பாட வேலைக்கு நாள் வந்துவிட்டது. ரலிட்சா அட்டவணையைக் கொண்டுவந்து மாட்டினாள். கடைசி வரிசையில் இருந்தவன் அங்கிருந்தே "அட, என் பஸ் போயிடுச்சு" என்று எழுந்து ஓடினான். அதைவிடப் பெரிய பாராட்டு அந்தப் பாடத்துக்குக் கிடையாது. கலோயான் அட்டவணைக்குப் பதிலாக அஞ்சலித் தாளை மாட்டினான். ஆசிரியை போரியானா அருகே போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், மறுபடி அருகே போனார்.

"யாருப்பா செத்தது?"

"அது முக்கியம் இல்ல மேடம்."

"செத்தவங்களுக்கு முக்கியமா இருக்குமே. சரி, கதவுல ஒட்டியிருந்தேன்னு எழுதியிருக்க. படிச்சவங்க என்ன பண்ணினாங்க? அதை எழுதிக் குடு. ஜனங்க இதைப் படிச்சிருந்தா நான் மார்க் போடறேன். படிக்கலைன்னா போய் பஸ்ஸைப் பாரு."

பார்த்தீர்களா சிக்கலை? அத்தைக்கு வேண்டியது யாரும் படிக்கவில்லை என்ற உண்மை. மார்க்குக்கு வேண்டியது எல்லோரும் படித்தார்கள் என்ற பொய். இரண்டையும் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு நம் ஆள் சிந்தனைக் குறிப்பின் பதின்மூன்றாம் பக்கத்தை எழுதினான்: 'கட்டடத்தில் வசிப்பவர்கள் அனைவரும் படித்தார்கள். படித்துவிட்டு மௌனமாகக் கடந்து போனார்கள்.' ஆசிரியை அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

பருவ முடிவில் மாணவர் வேலைகளைக் கல்லூரி நடைகூடத்தில் மாட்டிப் பெற்றோர், உறவினர்களை அழைப்பது வழக்கம். ஒவ்வொன்றின் கீழும் மாணவர் எழுதிய குறிப்பிலிருந்து ஒரு வரியை அலுவலகமே அச்சடித்து ஒட்டும். அலுவலகத்தில் இருப்பவருக்கு வெற்றிடம், சாம்பல் நிறம் எதுவும் தெரியாது. தடித்த கறுப்பு எழுத்தில், உள்ளங்கை அகலத்துக்கு அடித்துத் தள்ளிவிடுவார். எதிர்ச் சுவரிலிருந்தே படிக்கலாம்.

வெனேட்டா அத்தை வந்தாள். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, மறுநாள் புர்காஸ் பேருந்துக்குச் சீட்டு எடுத்துவிட்டு. "உங்கப்பனுக்கு வாக்குக் குடுத்தேன், நீ பண்றதை ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்" என்றாள். கலோயான் அவளைக் காப்பி இருக்கும் பக்கம் திருப்பப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. தன் காதைத் தூரத்திலேயே கண்டுகொண்டாள். அருகே போய், அதன் கீழே இருந்த தடித்த எழுத்தை, கண்ணாடி போடாமலேயே, உரக்கப் படித்தாள்.

"அனைவரும் படித்தார்கள். படித்துவிட்டு மௌனமாகக் கடந்து போனார்கள்."

அத்தை கோட்டுப் பொத்தானை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பூட்டினாள். "சரிதான். எழுதியே வச்சுட்ட. ஊர் பூராப் பாக்கட்டும், என்னைத் தேட ஒரு நாதி இல்லைன்னு," என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

கலோயான் பின்னாலேயே போனான். அவன் வாய் அசைந்தது.

"அத்தை, யாரும் படிக்கல."

"என்னடா முணுமுணுக்கிற?"

"யாரும் படிக்கல. பொய் எழுதிட்டேன்."

"காது கேக்காதுன்னு தெரியும்ல? பெரிசாச் சொல்லு!"

அவன் சுற்றிப் பார்த்தான். ரலிட்சா நின்றாள். ஆசிரியை போரியானா நின்றார். யாரோ ஒருவருடைய அப்பா பிஸ்கட்டைக் கடிக்காமல் வாயருகே பிடித்துக்கொண்டு நின்றார்.

"படிக்க முடியல அத்தை... எழுத்து சின்னது..."

"இன்னும் பெரிசா!"

"யாராலயும் படிக்க முடியல!" என்று கத்தினான் கலோயான். "எழுத்து பொடிசு! நிறம் வெளிறிப் போச்சு! ஸ்தாமென் மாமா வெறும் தாளுன்னு நினைச்சாரு! டிங்கா அக்கா விரிசலுக்கு ஒட்டினதுன்னு நினைச்சாங்க! நீங்க செத்தது கட்டடத்துல ஒருத்தருக்கும் தெரியாது! நான் பண்ணது ஒண்ணுக்கும் உதவல! எனக்கு அது அன்னைக்கே தெரியும்!"

அத்தை திரும்பி வந்து தாள் முன்னால் நின்று, மூலையில் குனிந்து, கண்ணாடியைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள்.

"ஸ்தாமென் கண்ணாடி போடமாட்டான்," என்றாள் தனக்குத்தானே. "டிங்காவுக்குப் புரை விழுந்திருக்கு." அப்புறம் அவள் முகம் மலர்ந்த அழகைப் பார்க்க வேண்டுமே! கைப்பையால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். நல்ல கனமான பை. "பாவிப் பயலே! நான் அவங்க முகத்துல முழிக்காம ஒரு மாசமா மாடிப்படி ஏறிக்கிட்டிருக்கேன், என் முட்டி என்னத்துக்கு ஆகும்!" என்றாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. எப்படியும் நடைகூடம் முழுக்கக் கேட்டது.

ஆசிரியை போரியானா பேனாவை எடுத்தார். "இப்பத்தான் ஒரு விஷயம் தெளிவாச் சொன்ன. மூணு மார்க்," என்றார். ஆறுக்கு மூன்று என்றால் தேறினான், அவ்வளவே. "பஸ் அட்டவணை விடுமுறைக்குள்ள வந்தாகணும்."

புர்காஸ் சீட்டை அத்தை திருப்பிக் கொடுத்துவிட்டாள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் அவள் சொன்னபோது எட்டாவது மாடியில் ஜன்னல் சாத்தியிருந்தவர்களுக்கும் கேட்டது. அன்று சாயங்காலமே கட்டடம் திரண்டு ஐந்தாவது மாடிக்கு வந்தது. டிங்கா ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தாள். ஸ்தாமென் மழமழவென்று சவரம் செய்து, கையில் கார்னேஷன் பூவோடு கதவைத் தட்டினார்.

"துக்கம் விசாரிக்க வந்தோம் வெனேட்டாக்கா. தாமதம் ஆயிடுச்சு, மன்னிக்கணும்."

"உள்ள வாய்யா. செத்தவ காப்பி போட்டுத் தரேன்." அவள் பூவை வாங்கி எண்ணிப் பார்த்தாள். நாலு. இரட்டைப்படை. செத்தவர்களுக்குக் கொண்டுபோகிற கணக்கு. ஸ்தாமென் பழக்க தோஷத்தில் அப்படி வாங்கிவிட்டார். தெரிந்ததும் காதுவரை சிவந்துபோனார். அத்தை ஒன்றை உருவி அவர் சட்டைப் பொத்தான் துளையில் செருகிவிட்டாள். "மூணு போதும். இன்னும் கொஞ்ச நாள் இருக்கேன்," என்றாள். ரகியா என்னும் பழச்சாராயத்தை ஊற்றிக்கொண்டு அவளைப் பற்றி ஒவ்வொருவரும் நல்ல வார்த்தை சொன்னார்கள். இறந்தவரே எதிரில் உட்கார்ந்து "அதையும் சொல்லு, அந்த வெள்ளம் வந்த வருஷத்தையும் சொல்லு" என்று எடுத்துக் கொடுத்த இரங்கல் கூட்டம் எங்கள் பேட்டையில் அதுதான் முதல்.

கலோயான் திருந்தினானா என்கிறீர்கள். அந்தக் கூட்டத்தின் மூலையில் உட்கார்ந்து, 'உரக்கக் கத்துதல் ஒரு கலை வடிவம்' என்று புதிய சிந்தனைக் குறிப்பைத் தொடங்கியிருந்தான். ஆனால் அத்தை கேட்டவுடன் எழுந்துபோய்த் தட்டுகளைக் கழுவினான். இந்த இனத்தில் அது பெரிய முன்னேற்றம்.

நல்லவேளை, நம் வீட்டில் யாரும் டிசைன் படிக்கவில்லை என்று நீங்கள் நிம்மதியாக எழுந்து போகப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் உட்காருங்கள். போன மாதம் வீட்டில் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டீர்களே, செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, "ம்... நானும் கொஞ்சம் யோசிச்சுப் பேசியிருக்கலாம்" என்று ஓரமாக ஒரு வரி, மீதியெல்லாம் வெற்றிடமாக. அதற்குப் பிறகும் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை, என்ன கல்நெஞ்சம் என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டீர்கள். அவர் அடுக்களையில்தான் இருக்கிறார். போய்க் கேட்டுப் பாருங்கள். அப்படி ஒன்று சொன்னதே அவருக்குத் தெரியாது.